ஆபீஸ் போற வழியில் பூநாரை: சென்னைக்குள் காட்டுயிர்களை எங்கே, எப்படிப் பார்க்கலாம்?

மாசி மாதத்துக் காலை, மணி எட்டரை. பல்லாவரம் - துரைப்பாக்கம் ரேடியல் சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருக்கின்றன. ஓ.எம்.ஆரில் ஒன்பதரை மணி மீட்டிங்கைப் பிடிக்க வேண்டிய அவசரம் எல்லோருக்கும். அந்த நெரிசலில் ஒருவர் மட்டும் பைக்கை ஓரம்கட்டி, ஹெல்மெட்டைக் கழற்றி டேங்க் மேல் வைத்துவிட்டு, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நிற்கிறார்.

"என்ன ப்ரோ, வண்டி நின்னுடுச்சா?" பின்னால் வந்தவர் வேகத்தைக் குறைக்கிறார்.

"இல்ல ப்ரோ. அங்க பாருங்க."

சாலைக்குக் கீழே விரிந்து கிடக்கும் தண்ணீரில் வெள்ளையும் இளஞ்சிவப்புமாக ஒரு நீண்ட வரிசை. குச்சிக் கால்கள், வளைந்த கழுத்து, தண்ணீருக்குள் கவிழ்ந்த தலை. அத்தனையும் பூநாரைகள். அவற்றுக்குப் பின்னால் அடுக்குமாடிக் குடியிருப்புகள். இன்னும் தள்ளி, பெருங்குடி குப்பைமேடு.

"அட, டெய்லி இந்த வழியாத்தானே போறேன்!"

இந்த ஆச்சரியம் அந்தச் சாலையில் புதிதல்ல. காட்டுயிர் என்றதுமே முதுமலையும் வால்பாறையும்தான் பலருக்கு ஞாபகம் வரும். அதற்கு மூன்று நாள் லீவு, ரூம் புக்கிங், ஜீப் சஃபாரி எல்லாம் வேண்டும். ஆனால் சென்னைக்குள்ளேயே ஒரு காடு, ஒரு சதுப்பு நிலம், ஒரு முகத்துவாரம், ஆமைகள் முட்டையிடும் ஒரு கடற்கரை என எல்லாம் இருக்கின்றன. பஸ்ஸிலோ ரயிலிலோ போய்ச்சேரும் தூரத்தில்தான்.

எங்கே போகலாம், எப்போது போகலாம், என்ன பார்க்கலாம்? இதையெல்லாம் பார்ப்பது வெறும் பொழுதுபோக்குதானா?

சென்னைக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

காரணம் நிலமும் மழையும். சென்னை தட்டையான கடலோர நிலம். கொசஸ்தலை, கூவம், அடையாறு என மூன்று ஆறுகள், குறுக்கே பக்கிங்ஹாம் கால்வாய், நகரைச் சுற்றி ஏரிகள், கிழக்கே கடல். மேட்டு நிலங்களில் ஒருகாலத்தில் முள்ளும் புதருமாகக் காடு இருந்தது. சோழமண்டலக் கரைக்கே உரிய வறண்ட பசுமைமாறாக் காடு அது. மழை குறைவாக இருந்தாலும் இலை உதிர்க்காத, குட்டையான மரங்கள் கொண்ட காடு.

இன்னொரு அதிர்ஷ்டம், மழை பெய்யும் நேரம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை ஏரிகளை நிரப்புகிறது. அதே மாதங்களில்தான் வட ஆசியாவின் குளிரிலிருந்து தப்பி, 'மத்திய ஆசிய வான்வழி' எனப்படும் பாதையில் பறவைகள் தெற்கே வருகின்றன. விருந்தாளி வரும் நேரத்தில் பந்தி தயாராக இருக்கிற மாதிரி.

அதனால்தான் பறவை பார்க்க நவம்பர் முதல் மார்ச் வரை சென்னையில் நல்ல சீசன். காலை ஆறிலிருந்து எட்டரை மணிக்குள் போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் பறவையும் ஒதுங்கிவிடும், பார்ப்பவரும் ஒதுங்கிவிடுவார்.

கிண்டி: சிக்னலுக்குப் பக்கத்தில் ஒரு காடு

நகரத்துக்குள்ளேயே தேசியப் பூங்கா இருக்கும் பெருநகரங்கள் உலகில் அதிகம் இல்லை. மும்பைக்கு சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா, சென்னைக்கு கிண்டி. மும்பையின் காடு நூறு சதுர கிலோமீட்டருக்கும் மேல். கிண்டி வெறும் 2.7 சதுர கிலோமீட்டர்தான். இந்தியாவின் மிகச்சிறிய தேசியப் பூங்காக்களில் இதுவும் ஒன்று.

இந்தச் சிறிய இடத்தில் வெளிமான், புள்ளிமான், குள்ளநரி, கீரி, நட்சத்திர ஆமை, புனுகுப்பூனை எல்லாம் வாழ்கின்றன. பக்கத்தில் ஒட்டியே ஆளுநர் மாளிகை வளாகமும் ஐ.ஐ.டி. வளாகமும் இருப்பதால் பசுமைப் பரப்பு கொஞ்சம் நீள்கிறது. ஐ.ஐ.டி.யில் படித்தவர்களிடம் கேட்டால், ஹாஸ்டல் வாசலில் மான் நின்ற கதை இல்லாதவர் இருக்க மாட்டார்.

இங்கே பார்க்கவேண்டியவர் வெளிமான். ஆண் வெளிமானுக்கு முதுகு கருப்பு, வயிறு வெள்ளை, திருகுத் திருகாக மேலெழும் கொம்பு. புள்ளிமான் மரநிழலை விரும்பும். வெளிமானுக்கோ பெயரிலேயே இருப்பது போல வெட்டவெளி வேண்டும். தூரத்திலேயே ஆபத்தைப் பார்த்து, ஓடித் தப்பிப்பதுதான் அதன் பிழைப்பு. வெள்ளைக்காரர் காலத்தில் போலோ விளையாடிய புல்வெளிதான் இன்று கிண்டியில் வெளிமான்களின் முக்கிய இடம். அந்தப் புல்வெளியில் புதர் மண்டிவிட்டால், காடு பசுமையாகத்தான் தெரியும். ஆனால் வெளிமானுக்கு அது வீடு பறிபோனதற்குச் சமம். 'மரம் நட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்கிற எண்ணம் எல்லா இடத்துக்கும் பொருந்தாது என்பதற்குக் கிண்டியே உதாரணம்.

1910-ல் ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டபோது கிண்டிக் காட்டின் பரப்பு சுமார் 500 ஹெக்டேர். 1978-ல் தேசியப் பூங்கா ஆனபோது மிஞ்சியது சுமார் 270 ஹெக்டேர். கல்வி நிறுவனம், நினைவு மண்டபம், அலுவலகம் என்று இடையில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது போக மீதி இது. எடுத்துக்கொண்ட எதுவும் கெட்ட காரியத்துக்கு இல்லை. ஆனாலும் காடு பாதியாகிவிட்டது. மிச்சமிருப்பது தப்பியதற்குக் காரணம், 'இது காடு' என்று யாரோ ஒரு காகிதத்தில் எழுதி வைத்ததுதான்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: பூங்காவின் உள்காட்டுக்குள் நினைத்தபடி நுழைய முடியாது. பொதுமக்கள் டிக்கெட் எடுத்துப் போகக்கூடியது பக்கத்தில் உள்ள சிறுவர் பூங்காவும் பாம்புப் பண்ணையும். அங்கே நடக்கும்போதே மரங்கொத்தி, வால்காக்கை, புள்ளி ஆந்தை என்று பலவற்றைப் பார்த்துவிடலாம். மான் அருகில் வந்தால் பிஸ்கட் நீட்ட வேண்டாம். சிப்ஸ் கவரைக் கீழே போடவே வேண்டாம். உப்பு ஒட்டிய பிளாஸ்டிக்கை மான்கள் தின்றுவிடுகின்றன. அது செரிக்காமல் வயிற்றிலேயே தங்கி, கடைசியில் உயிரையே எடுத்துவிடும்.

பள்ளிக்கரணை: 'சும்மா கிடக்குற இடம்'

கிண்டிக்கு எழுதி வைக்க ஆள் இருந்தார்கள். தெற்கே சில கிலோமீட்டர் தள்ளி இருந்த பள்ளிக்கரணைக்கு அந்த அதிர்ஷ்டம் ரொம்ப நாள் கழித்துத்தான் வந்தது.

உள்ளூர்க்காரர்கள் இதைக் 'கழுவேலி' என்பார்கள். மழைநீர் வந்து பரவி நின்று, மெல்ல வடியும் நிலம். வேளாண்மையும் முழுசா செய்ய முடியாது, வீடும் கட்ட முடியாது. அதனால் வெகுகாலம் இது பயனில்லாத நிலமாகவே பார்க்கப்பட்டது. 'அங்க ஒண்ணும் இல்ல சார், சும்மா கிடக்குற இடம்தான்' என்ற ஒற்றை வரியில் குப்பைக் கிடங்கு வந்தது, ரயில் நிலையம் வந்தது, சாலை வந்தது, நிறுவனங்களும் குடியிருப்புகளும் வந்தன. 1960-களில் சுமார் 5,000 ஹெக்டேர் இருந்ததாக மதிப்பிடப்படும் சதுப்பு நிலத்தில் இன்று எஞ்சியிருப்பது சிறு பகுதிதான்.

அந்தச் சிறு பகுதியிலேயே நூற்றுக்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியிருக்கின்றன. பூநாரை, கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, அரிவாள்மூக்கன், நீலத்தாழைக்கோழி, நாமக்கோழி, முக்குளிப்பான். குளிர்காலத்தில் ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, பொரி உள்ளான் போன்ற வெளியூர் விருந்தாளிகள்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு தொழில்நுட்பம் உண்டு. பூநாரை தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, வளைந்த அலகால் சேற்றுநீரை வடிகட்டி, பாசியையும் நுண்ணிய உயிர்களையும் பிரித்துத் தின்னும். அதன் இளஞ்சிவப்பு நிறமே அந்த உணவில் இருக்கும் நிறமிகளால் வருவதுதான். நீளவால் இலைக்கோழிக்கு விரல்கள் அவ்வளவு நீளம், மிதக்கும் இலைமேல் அமிழாமல் நடக்கும். அதில் முட்டையை அடைகாத்துக் குஞ்சு வளர்ப்பது அப்பாதான். அம்மா அடுத்த ஜோடியைத் தேடிப் போய்விடும்.

சரி, பறவைகளுக்கு நல்ல இடம். மனிதர்களுக்கு என்ன?

இங்கேதான் கதை மாறுகிறது. தென்சென்னையின் முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளில் நிரம்பி வழியும் தண்ணீர் வந்து சேரும் இடம் பள்ளிக்கரணை. இது ஒரு பெரிய பஞ்சு மாதிரி வெள்ளத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், அங்கிருந்து கோவளம் முகத்துவாரம் வழியாகக் கடலுக்கும் மெதுவாக அனுப்பும். பஞ்சின் அளவு குறைந்தால் மிச்சத் தண்ணீர் எங்கே போகும்?

2015 டிசம்பரில் வேளச்சேரியில் இருந்தவர்களுக்கு பதில் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை, வேளச்சேரி பக்கம் நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல், மொட்டை மாடியில் பால் பாக்கெட்டுக்காகக் காத்திருந்தவர்களுக்கும் தெரியும். அன்று தெருவில் நின்ற தண்ணீர் வழி தவறி வந்ததல்ல. அது பழகிய இடத்துக்குத்தான் வந்தது. நடுவில் வீடுகள் இருந்தன, அவ்வளவுதான்.

நீர்ப்பறவைகள் எங்கெல்லாம் இறங்குகின்றனவோ அங்கெல்லாம் தண்ணீர் நிற்கும். பறவை பார்ப்பவர்களின் வரைபடத்தையும் வெள்ளம் தேங்கிய இடங்களின் வரைபடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தென்சென்னையில் நிறைய இடங்களில் இரண்டும் ஒட்டி வரும். வீடு வாங்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றிதழோடு இதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

நிலைமை கொஞ்சம் மாறவும் செய்திருக்கிறது. 2007-ல் சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி ஒதுக்குக் காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் 1,247 ஹெக்டேர் பரப்பு 'ராம்சார்' தலமானது. 1971-ல் ஈரானின் ராம்சார் நகரில் உருவான உடன்படிக்கையின் கீழ், உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்பு நிலங்களுக்குக் கிடைக்கும் அங்கீகாரம் இது. பெருங்குடியில் பழைய குப்பையைப் பிரித்தெடுத்து நிலத்தை மீட்கும் 'பயோமைனிங்' பணியும் நடந்துவருகிறது. எல்லைக்கு அருகே கட்டுமானங்களை அனுமதிக்கலாமா என்ற வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. 2025 செப்டம்பரில், சதுப்பு நிலத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதி தருவதை நிறுத்திவைக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. எந்தக் கட்டடம் வரும், எது வராது என்பது இனி இந்த எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்தது.

பார்க்க விரும்புபவர்களுக்கு ரேடியல் சாலையின் ஓரமே நல்ல பால்கனி. ஆனால் வேகமாக வண்டிகள் போகும் சாலை. பைக்கைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்திவிட்டு நடந்து வருவதுதான் புத்திசாலித்தனம். வனத்துறை அமைத்திருக்கும் சூழல் பூங்காவில் நடைபாதையும் உண்டு.

பெசன்ட் நகர்: நள்ளிரவில் ஒரு பிரசவம்

பகலில் பஜ்ஜி, சுண்டல், செல்ஃபி. நள்ளிரவுக்கு மேல் அதே கடற்கரைக்கு வேறொரு விருந்தாளி வருகிறார். ஆலிவ் ரிட்லி கடல் ஆமை. மீனவர்கள் வைத்த பெயர் 'பங்குனி ஆமை'. பங்குனியை ஒட்டிக் கரையேறுவதால் வந்த பெயர். ஜனவரியில் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை முட்டையிடும் காலம்.

பெண் ஆமை அலையிலிருந்து ஊர்ந்து வந்து, ஈரம் தாண்டிய மணலில் பின்துடுப்புகளால் குடம் போன்ற குழி தோண்டும். சுமார் நூறு முட்டைகளை இட்டு, மணலைத் தள்ளி மூடி, உடம்பைப் பக்கவாட்டில் ஆட்டி ஆட்டி மண்ணை இறுக்கும். பிறகு திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விடும். கிட்டத்தட்ட ஐம்பது நாளில் குஞ்சுகள் வெளிவரும். மணலின் வெப்பம்தான் ஆணா, பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும்.

குஞ்சுகளுக்குத் தெரிந்த ஒரே விதி, வெளிச்சம் உள்ள பக்கம் போவது. மனிதர் இல்லாத கரையில் இரவில் கடலின் அடிவானம்தான் அதிக வெளிச்சம். சென்னையிலோ தெருவிளக்கும் ஹோட்டல் விளக்கும் அதைத் தோற்கடித்துவிடுகின்றன. குஞ்சுகள் கடலை விட்டுச் சாலைப் பக்கம் திரும்பிவிடும். மிச்சத்தை நாய்களும் காகங்களும் பார்த்துக்கொள்ளும்.

இதைத் தடுக்கத்தான் 1988 முதல் 'மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு வலையமைப்பு' தன்னார்வலர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை சுமார் 7 கி.மீ. தூரத்தை இரவில் நடக்கிறார்கள். ஆமைத் தடத்தைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பத்திரமாக எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்து, பொரித்த குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். வனத்துறையும் பொரிப்பகங்களை நடத்துகிறது. காலேஜ் படிக்கும்போது நடக்க வந்து, வேலை, கல்யாணம், குழந்தை என ஆன பிறகும் சீசனுக்கு வந்துவிடுகிறவர்கள் உண்டு. சீசனில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் இவர்களோடு நடக்கலாம். டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் போடக் கூடாது, ஆமையைத் தொடக் கூடாது. ஏழு கிலோமீட்டர் நடந்தும் ஒரு ஆமைகூட வராமல் போகும் இரவுகளும் உண்டு. அதற்கும் தயாராகப் போக வேண்டும்.

2025 ஜனவரியில் இந்தக் கரை வேறொரு காட்சியைப் பார்த்தது. சென்னையிலும் அக்கம்பக்க மாவட்டங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்துக் கரை ஒதுங்கின. கடல் ஆமைக்கும் மூச்சுவிடக் காற்று வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுத் திணறிச் சாகும். கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. வலையிலிருந்து ஆமை தப்பிக்க உதவும் சாதனமும் இருக்கிறது. இரண்டும் நடைமுறைக்கு வருவதில்தான் சிக்கல்.

அந்த ஜனவரியில் நடந்தது செய்தி ஆனதற்கே காரணம், கரையில் ஒவ்வொரு நாளும் நடந்து எண்ணும் ஆட்கள் இருந்ததுதான். எண்ண ஆள் இல்லாத கரையில் ஆயிரம் ஆமை செத்தாலும் அது வெறும் நாற்றமாகத்தான் போயிருக்கும்.

வெளியே போக நேரமில்லையா? கறிவேப்பிலைத் தொட்டி போதும்

ஷிஃப்ட் முடிந்து தூங்கவே நேரமில்லாதவர்களுக்கு பால்கனி போதும். அங்கே ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருந்தால் உற்றுப் பார்க்கலாம். இலைமேல் காக்கை எச்சம் மாதிரி ஒன்று ஒட்டியிருந்தால் உடனே துடைத்துவிட வேண்டாம். அது அழகி வகை வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழுவாக இருக்கலாம். எச்சம் மாதிரி இருந்தால் பறவை தின்னாது என்பதுதான் கணக்கு. கொஞ்சம் வளர்ந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டு இலைப் பச்சையாகிவிடும். நாலு இலையைத் தியாகம் செய்தால் போதும், ரசத்துக்கு மீதி இருக்கும்.

தெருவோர எருக்கஞ்செடியில் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி. செம்பருத்திப் பூவில் தலைகீழாகத் தொங்கித் தேன் குடிக்கும் தேன்சிட்டு. மின்கம்பியில் இரட்டைவால் குருவி. மாசி, பங்குனியில் விடியும் முன்பே கத்தித் தூக்கத்தைக் கெடுப்பது ஆண் குயில். காக்கைக் கூட்டில் ரகசியமாக முட்டையிடும் வேலை பெண்ணுக்கு. பக்கத்தில் கூடுகட்டிய காக்கை ஜோடி குயிலைத் துரத்துவதைப் பார்த்தால், அது சும்மா சண்டை இல்லை என்று புரியும்.

சிட்டுக்குருவி மட்டும் ஏன் காணோம் என்று எல்லோரும் கேட்கிறார்கள். இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய 2020 அறிக்கையின்படி, நாடு முழுக்கப் பார்த்தால் சிட்டுக்குருவி பெரிதாகக் குறையவில்லை. ஆனால் சென்னை உட்பட ஆறு பெருநகரங்களில் குறைந்துவருகிறது. செல்போன் டவர்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி குறைந்ததும், கூடு கட்ட இடுக்கு இல்லாத கட்டடங்களும் காரணமாக இருக்கலாம் என்கிறது அறிக்கை. ஓட்டு வீட்டில் இருந்த சந்து கண்ணாடிச் சுவரில் இல்லை.

சிட்டியைத் தாண்டினால்?

ஞாயிற்றுக்கிழமை முழுசாக் கிடைத்தால் இரண்டு இடங்கள். தெற்கே சுமார் 80 கி.மீ. தூரத்தில் வேடந்தாங்கல். பெயருக்கு அர்த்தம் வேடர்களின் ஊர். ஆனால் அந்த ஊர்க்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். ஏரி நடுவே கடம்ப மரங்களில் கூடுகட்டும் பறவைகளின் எச்சம் தண்ணீரில் கலந்து, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது உரமாகிறது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. நவம்பர் முதல் பிப்ரவரி வரை போகலாம். மழை பொய்த்த ஆண்டில் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

வடக்கே சுமார் 60 கி.மீ. போனால் பழவேற்காடு. இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பூநாரைகளைப் பெரும் கூட்டமாகப் பார்க்க இதுதான் இடம். ஏரியை நம்பியே மீனவர் குடும்பங்கள் வாழ்கின்றன என்பதால், படகில் போகிறவர்கள் வலைகளைத் தொந்தரவு செய்யாமல் போக வேண்டும்.

எப்படித் தொடங்குவது?

பெரிய செலவு வேண்டாம். காது, கண், ஒரு செல்போன் போதும். பழக்கம் ஒட்டிக்கொண்டால் பிறகு ஒரு பைனாகுலர் வாங்கலாம். 8x42 அளவு தொடக்கத்துக்கு நல்லது.

'மெர்லின்' என்ற இலவச ஆப், கேட்கும் குரலை வைத்து என்ன பறவை என்று சொல்லும். சில நேரம் தப்பாகவும் சொல்லும், அதனால் கண்ணால் ஒருமுறை உறுதி செய்துகொள்ள வேண்டும். 'இ-பேர்ட்' ஆப்பில் பார்த்த பறவைகளை இடம், நேரம், எண்ணிக்கையோடு பதியலாம். செடி, பூச்சி, தவளை என எதற்கும் 'ஐநேச்சுரலிஸ்ட்' இருக்கிறது. போட்டோ போட்டால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள்.

தனியாகப் போகத் தயக்கமா? 1978-ல் தொடங்கிய 'மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி' உட்பட பல குழுக்கள் இருக்கின்றன. பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நடக்கும் 'பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு'க்கு ஒரு இடத்தில் கால் மணி நேரம் நின்று எண்ணினாலே போதும்.

சில அடிப்படை மரியாதைகள் உண்டு. கூட்டுக்குப் பக்கத்தில் போகக் கூடாது. பறவையை வரவழைக்க செல்போனில் அதன் குரலைப் போடக் கூடாது. வீட்டுக்குள் பாம்பு வந்தால் அடிக்கவும் வேண்டாம், பிடித்து ரீல்ஸ் போடவும் வேண்டாம். தூரத்திலிருந்து கண்காணித்தபடி வனத்துறைக்கோ தீயணைப்புத் துறைக்கோ தகவல் சொன்னால் போதும்.

பதிவு செய்து என்ன ஆகப்போகிறது?

நியாயமான கேள்வி. 2023-ல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அதற்கு அடிப்படை, முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த மூன்று கோடிக் குறிப்புகள். அவர்களில் பெரும்பாலானவர்கள் விஞ்ஞானிகள் இல்லை. பேங்க் ஊழியர், டீச்சர், கோடிங் செய்பவர், ரிட்டயர் ஆனவர் என்று பல தரப்பினர். எந்தப் பறவை குறைகிறது, எதைக் காப்பாற்றுவது அவசரம் என்பதை அரசுக்குச் சொல்லும் அறிக்கை இப்படித்தான் தயாராகிறது.

ஒரு ஏரியை மூட முயற்சி நடக்கும்போது, 'அங்க நிறைய பறவை வருமே' என்று சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. 'பத்து வருஷமாக, இந்தந்தத் தேதிகளில், இத்தனை வகை, இத்தனை எண்ணிக்கை' என்று பட்டியல் இருந்தால் அதைத் தள்ளிவிடுவது கஷ்டம். அது கிண்டியைக் காப்பாற்றிய காகிதம் மாதிரி இன்னொரு காகிதம். இந்த முறை எழுத ஆளுநர் தேவையில்லை. ஆபீஸ் போகிற வழியில் ஐந்து நிமிடம் நிற்கிற யாரும் எழுதலாம்.

ரேடியல் சாலையில் இரண்டு பைக்குகளும் கிளம்பிவிட்டன. மீட்டிங்குக்குக் கொஞ்சம் லேட்டுதான். ஆனால் நாளைக்கு அதே வழியில் வரும்போது இரண்டு பேரும் இடதுபக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே கிடப்பது சும்மா கிடக்கும் இடம் இல்லை என்பது இப்போது அவர்களுக்குத் தெரியும்.